எச்சில் தொட்ட விரல்

அமிர்தநாதன் சுட்டுவிரலை நாக்கில் தொட்டார். மேசையில் நின்ற அட்டைப் பாலத்தடியில் கிடந்த அடையாளங்களில் ஒன்றை அந்த விரலாலேயே ஒற்றி எடுத்துச் சட்டைப் பைக்குள் உதறிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்த சுதாகரன் குசினி வாசலிலேயே நின்றுவிட்டான். குமட்டிக்கொண்டு வந்தது. எச்சிலைப் பார்த்தா, களவைப் பார்த்தா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மேசை முழுக்க ஒரு போர்க்களம். அட்டையில் செய்த மலை, ஓர் ஆறு, ஒரு பாலம், கட்டைவிரல் உயரத்தில் வர்ணம் பூசிய சிப்பாய்க் கூட்டங்கள். பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம். ஒரு படைக்கு அடி விழுந்தால் அதன் காலடியில் ஓர் அடையாளம் வைப்பார்கள். மூன்று சேர்ந்துவிட்டால் அந்தப் படை களத்தை விட்டுப் போக வேண்டியதுதான்.

பெட்டியோடு வந்த சிவப்பு வில்லைகளைச் சுதாகரனுக்கு ஆகாது. தான் பார்த்துப் பார்த்து வர்ணம் தீட்டிய களத்தில் அவை அம்மைக் கொப்புளம் மாதிரித் துருத்திக்கொண்டு நின்றன. கண்ணை உறுத்தாத அடையாளங்களை அவனே தேடிப் பிடித்தான்: அமிர்தநாதனின் படைக்குப் பச்சைப் பாசித் துணுக்கு, தன் படைக்குக் காய்ந்த தேயிலைக் காம்புத் துண்டு. தரையோடு தரையாகக் கிடக்கும். குனிந்து தேடினால்தான் தெரியும்.

அதைத்தான் இந்த மனிதர் வசதியாக்கிக்கொண்டிருக்கிறார்.

சுதாகரன் எதையும் காணாதவன்போல் வந்து உட்கார்ந்தான். அமிர்தநாதனின் பச்சைச் சட்டைப் படைகளையே உற்றுப் பார்த்தான். பாலத்தடியில் தன் நீலச் சட்டைகளோடு முட்டி நின்ற படையின் காலடியில் ஒரு பாசிதான் இருந்தது. இரண்டு இருந்திருக்க வேண்டும். நிச்சயம் இரண்டு.

தலவாக்கலையில் படிப்பிக்கிற அவனுக்கு, இந்த ஆட்டத்தை ஆட அக்கம்பக்கத்தில் வேறு ஆளில்லை. டயகம தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருக்கும் அமிர்தநாதன் மட்டும்தான் பொறுமையாக உட்கார்ந்து பழகிக்கொண்டார். மனைவி பெற்றீசியா இறந்த பிறகு அந்த வீட்டில் ஆள் நடமாட்டம் கிடையாது. பெரிய சாப்பாட்டு மேசை சும்மாதான் கிடந்தது. சனிக்கிழமை தோறும் சுதாகரன் பஸ் பிடித்து வந்துவிடுவான்.

போன சித்திரையில் ஒரே ஒருமுறை அவன் தோற்றான். அன்றைக்கும் இந்த விரல்தான் வேலை செய்திருக்கும் என்று இப்போது தோன்றியது. அதற்குப் பிறகு பரீட்சை, மழை, காய்ச்சல் என்று மூன்று மாதம் இந்தப் பக்கமே வர முடியவில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து எல்லாம் வெற்றிதான்.

களவெடுத்தும் தோற்கிற மனிதர். அதை நினைக்க அருவருப்பு இரண்டு மடங்காகியது.

பார்த்ததெல்லாம் இப்போது அசிங்கமாகப் பட்டது. அவருடைய நகத்திடுக்குக் கறுப்பு, மீன் டின்னின் வாடை, பிளேன்டி குடித்த கிளாசின் விளிம்பில் காய்ந்திருந்த கறை. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் "இன்னைக்கும் ஜெயிச்சது நீங்கதான், சேர்" என்று சிரிக்கும் அந்தக் குழைவு. இத்தனை நாள் இந்தக் கையால் தட்டிய ரொட்டியையா தின்றோம்?

மழை வலுத்தது. சுதாகரன் வேண்டுமென்றே எழுந்து ஜன்னலோரம் போய் வெளியே பார்ப்பதுபோல் நின்றான். கண்ணாடியில் மேசை தெரிந்தது. அமிர்தநாதனின் விரல் மெல்ல வாய்க்குப் போனது. பிறகு பாலத்தடிக்கு இறங்கியது.

ஒரே எட்டில் திரும்பி வந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

"பையில இருக்கிறத வெளிய எடுங்க அண்ணே."

அமிர்தநாதன் அசையவில்லை. சுதாகரனே அந்தச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, அகப்பட்டதையெல்லாம் வழித்து மேசையில் கொட்டினான். கொட்டிக்கொண்டே பேசினான். கேட்டிருந்தால் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்திருப்பேன் என்றான். பொம்மைக்காகக் களவெடுக்கிற ஆளோடு ஒரு மேசையில் உட்கார்ந்ததை நினைத்தாலே வாந்தி வருகிறது என்றான். இனி இந்தத் தோட்டத்துப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன் என்றான்.

 அமிர்தநாதன் விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கக் கை நீட்டியபோதுதான் சுதாகரன் அந்தக் குவியலைச் சரியாகப் பார்த்தான். அதில் ஒரு பாசிகூட இல்லை. அத்தனையும் தன் படையின் காய்ந்த காம்பு.

அவன் குனிந்து, பாலத்தடியில் நின்ற தன்னுடைய நீலச் சட்டைகளைப் பார்த்தான். அவற்றின் காலடி வெறுமையாக இருந்தது. இதுவரை விழுந்த பகடைக் கணக்குக்கு அந்தப் படை தேத்தண்ணிக்கு முன்பே களத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். போன வாரமும் அப்படித்தானா? அதற்கு முந்திய வாரமும்? தலவாக்கலையில் கூட வேலை செய்கிறவர்களிடம் மார்தட்டிச் சொன்ன அத்தனை வெற்றிகளும் மனதுக்குள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

தொண்டையில் கசப்பு ஏறியது. இந்த முறை அது எதிரில் இருந்தவரைப் பார்த்து வந்ததல்ல.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?"

அமிர்தநாதன் நிமிரவில்லை.

"தோத்தா நீங்க வர மாட்டீங்களே, சேர்."