பத்து வார மாத்திரை

காலி மாத்திரை அட்டையை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் நீட்டினார் பெரியவர்.

"தீந்து போச்சும்மா. வீட்டம்மாவுக்கு இன்னொரு அட்டை வேணும்."

பத்துக் குழிகளும் காலி.

மருந்தாளுநரான அவள், திரேசம்மாள் பெயரிலிருந்த சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தாள். பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

மூட்டுவாத மாத்திரை. வாரத்துக்கு ஒன்றுதான் போட வேண்டும்; தினமும் போட்டால் விஷம். டாக்டர் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

"மாத்திரை கவர் இருக்கா, அய்யா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள். இரவுக்கு நேரே 1.

அவள் கையெழுத்து. வாரம் என்று எங்கும் இல்லை.

அன்று வரிசை வாசல் தாண்டி நின்றிருக்கும். அவளுக்கு இந்த முகம்கூட நினைவில்லை.

"வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"கால்வலி தேவலை. வாயெல்லாம் புண்ணு. ரெண்டு நாளா கஞ்சிகூட எறங்கல. வெளிய மரத்தடியில படுக்க வச்சிருக்கேன்."

அவள் ஜன்னலைச் சாத்தினாள். வரிசை சத்தம் போட்டது.

சக்கர நாற்காலியை அவளே தள்ளிக்கொண்டு போனாள். திரேசம்மாள் கனமே இல்லை. உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது.

"நான் தப்பா எழுதிட்டேன், டாக்டர். தெனமும் போட்டிருக்காங்க."

டாக்டர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ரத்தப் பரிசோதனைக்கும் வார்டில் சேர்க்கவும் எழுதினார்.

மேலதிகாரியிடம் தன் தவறை எழுதிக் கொடுத்துவிட்டாள். கூட வேலை பார்ப்பவர்களிடமும் சொல்லிவிட்டாள்.

பெரியவரிடம் மட்டும் சொல்லவில்லை.

மூன்று நாள்.

நான்காம் நாள் காலை வார்டு வாசல் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"நடுவுல ஒரு நாள் வேண்டாம்னாம்மா. கசக்குதுன்னா. நாந்தான் விடாம, வாயத் தொறக்கச் சொல்லிப் போட்டுவிட்டேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். கட்டம், கையெழுத்து, எழுதாமல் விட்ட சொல். தப்பு தன்னுடையது, அவருடையது இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

அவர் தலைநிமிர்ந்தார்.

"அப்போ, இனிமே எந்தக் கிழமையில குடுக்கணும்மா?"

திறந்த கதவுக்கு அப்பால், நர்ஸ் திரேசம்மாளின் முகத்தை மூடிவிட்டு, கட்டிலைச் சுற்றி மெதுவாகத் திரையை இழுத்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து, அவருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.