ஓர் ஆள் கூடுதல்

அறிக்கையின் கடைசிப் பக்கத்தை விசாரணை அதிகாரி அவள் பக்கம் தள்ளினார். சாட்சியாக அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவள் பேனாவைத் தொடவில்லை.

அட்டை ஆலையின் அலுவலக அறை. சுவருக்கு அப்பால் இரண்டாம் எண் உருளை இயந்திரம் ஒன்பது நாளாக ஓடவில்லை. அதில்தான் ஃபிட்டரின் வலது கை போனது. அதை ஓட்டுகிறவள் இவள்.

அறிக்கை இரண்டே பத்தி. உருளையில் ஒட்டிய பசையைச் சுரண்டப் போனவர், விதிப்படி மெயின் ஸ்விட்சை அணைத்து, வேறு யாரும் போட முடியாதபடி அதில் தன் பூட்டை மாட்டவில்லை. அங்கே பூட்டு எதுவும் கிடைக்கவில்லை. தானே இயந்திரத்தை ஓடவிட்டு, ஓடும்போதே கையை விட்டிருக்கிறார். காரணம்: அலட்சியம்.

அந்த ஒரு சொல் நின்றுவிட்டால் ஆலைக்குப் பொறுப்பு இல்லை. முப்பத்தோரு வருடம் உழைத்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வேலைநீக்கக் கடிதத்தோடு வீட்டுக்குப் போவார்.

அறிக்கையில் வராதது ஒன்று உண்டு. பசை ஏறிய பழைய பூட்டுகளில் சாவி திரும்பாது. அதனால் ஃபிட்டர்கள் பூட்டை அமுக்காமல் ஸ்விட்சில் சும்மா தொங்கவிடுவார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். அந்தப் பக்கம் போகிறவர் எடுத்துவந்து, "மகாராஜா, கிரீடத்தை விட்டுட்டு வந்துட்டீங்க" என்று டீ நேரத்தில் நீட்டுவார். புதுப் பூட்டு கேட்டு எழுதிய மூன்று மனுக்கள் மேனேஜர் மேசையில் கிடக்கின்றன.

அறிக்கையோடு ஃபிட்டரின் வாக்குமூலமும் இருந்தது. 'என் தவறுதான்.' பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை.

"அவரே ஒத்துக்கிட்டாரேம்மா," என்றார் அதிகாரி. படித்தவர், பொறுமைசாலி. ஒரு விஷயத்துக்கு இரண்டு விளக்கம் இருந்தால், எதில் அனுமானம் குறைவோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும், அறிவியலே அப்படித்தான் நடக்கிறது என்று எடுத்துச் சொன்னார். "இதைவிடச் சுலபமா என்ன வேணும்?"

"சுலபமா? எண்ணிப் பார்த்தீங்களா சார்?"

அவள் விரலை மடக்கத் தொடங்கினாள்.

பூட்டு மாட்டாமல் ஒருநாளும் உருளையில் கைவைக்காதவர் அன்று மட்டும் மறந்தார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்விட்ச் இருப்பது இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள சுவரின் அந்தப் பக்கம். அதைப் போட்டுவிட்டு நாற்பது அடி நடந்து வந்தவருக்கு அத்தனை இரைச்சலும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றுகிற உருளை கண்ணில் படவில்லை. காலையில் எல்லோரும் பார்க்க அவர் இடுப்பில் தொங்கிய சிவப்புப் பூட்டு காற்றில் கரைந்துபோனது.

நான்கு விரல்கள் மடங்கியிருந்தன.

"அவர் கை உள்ள இருக்கிறது தெரியாம வேற ஒரு ஆள் ஸ்விட்சைப் போட்டுட்டாங்க. என் கணக்குல ஒண்ணே ஒண்ணுதான்."

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வேலையில் இருக்க ஆசை இருந்தால் பார்த்துப் பேசு என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. "யாருமே பார்க்காத ஓர் ஆளைப் புதுசா உள்ள கொண்டுவர்றீங்க. இருக்கிறதுலயே பெரிய அனுமானம் அதுதாம்மா."

"புது ஆள் இல்லை சார்."

சீருடைப் பையிலிருந்து எடுத்ததை அறிக்கையின் மேல் வைத்தாள்.

சிவப்புப் பூட்டு. வளையம் திறந்தபடியே இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரியில் ஃபிட்டர் அதை எங்கேயாவது வீசிவிடச் சொல்லியிருந்தார். அவருக்கு ஓய்வுபெற நான்கு மாதம், அவளுக்கு இருபது வருடம் என்று தங்கைக்குச் சொல்வதுபோலக் கணக்கும் சொல்லியிருந்தார்.

"வேலை முடிஞ்சு, வழக்கம்போல பூட்டை எடுக்க மறந்துட்டாருன்னு நினைச்சேன். டீ நேரத்துல குடுக்கலாம்னு இதை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, ஸ்விட்சைப் போட்டேன்."

இப்போது பேனாவை அவளே எடுத்தாள்.

"எழுதுங்க சார், கையெழுத்துப் போடறேன். ஒரு வரி போதும். பூட்டு ஏன் திறந்தே தொங்குச்சுன்னு மேனேஜர் சாரைக் கேட்டு, அதை ரெண்டாவது வரியா எழுதிக்கங்க."