யோசனைக்கு ஒரு நாற்காலி

"யோசனைங்கிறது விருந்தாளி. அதுக்கு நாற்காலி போட்டு வைக்கணும்" என்பார் கெய்ரோவின் பிரபலத் தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளர் உஸ்தாத் ஷவ்கி. தினமும் அந்தக் காலி நாற்காலியின் முன் தேநீர் வைக்கச் சொல்வார். கதை மட்டும் சொல்ல மாட்டார்.

மாலைக்குள் கதை தராவிட்டால் ரமலான் மாதத்தில் ஒளிபரப்பாகும் தொடர் கைநழுவிவிடும். "எழுதாம எந்திரிக்க மாட்டேன்" என்று உதவி எழுத்தாளர் நெர்மீன் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"விருந்தாளிய இடிச்சிடாதம்மா!" என்று சிரித்தார் ஷவ்கி.

எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். பக்கத்து நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. அதன்பின் அவள் எதையும் அடிக்கவில்லை.

"பாத்தியா, என் நாற்காலி வேலைய!" என்று ஷவ்கி அதில் உட்காரப் போனார்.

"பொறுங்க உஸ்தாத்" என்றாள் நெர்மீன், தலை நிமிராமல். "விருந்தாளி கடைசிக் காட்சிய இன்னும் சொல்லல."

நாற்காலியின் முன்னிருந்த குவளையில் தேநீர் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது.