பச்சை ஏறிய தோல்

உயிருள்ள செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போதுதான் பச்சையாக ஒளிரும் நியூக்ளியோடைடு என்கிற டிஎன்ஏ கட்டுமானத் துண்டு அதில் ஏறும். செத்த செல்லில் ஏறாது. அதனால் செத்த செல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க, அண்ணன் இறப்பதற்கு முன் அவள் ஆராய்ச்சிக்கென்று கொடுத்த தோல் துணுக்கைத் தங்கை எடுத்தாள். செல்லைக் கொன்று பதப்படுத்தும் ஃபார்மலினில் ஊறிக் கிடந்த துணுக்கு.

நியூக்ளியோடைடை அதன்மேல் விட்டுப் பார்த்தபோது, நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளிகள் மினுங்கின.

“சாம்பிளை மாத்தி வச்சிருப்பே,” என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

மறுபடி செய்தாள். புள்ளிகள் பெருகியிருந்தன. இருப்புக்கொள்ளாமல் அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“அவருக்கு வலிக்குதாம்மா?” என்றாள் அண்ணி.

“தெரியல அண்ணி.”

“தூக்கி மட்டும் போட்டுடாதே.”

துணுக்கோடு கழிவுத்தொட்டி வரை போய்த் திரும்பிவந்து, மீண்டும் குனிந்து பார்த்தாள். அண்ணன் உடம்பிலிருந்து வெட்டியெடுத்தபோது கத்தி பட்ட விளிம்பில் பச்சை நெருக்கமாகக் கூடியிருந்தது. அங்கே காயம் ஆறிக்கொண்டிருந்தது.