பால் பொங்கியபோது திறந்த அறை

இன்னும் ஒரே ஓர் உயிர்தான்.

டி.வி.யில் ஓடும் விளையாட்டில் தொப்பிக்காரன் ஏணியின் உச்சியில் நிற்கிறான். நகத்தளவு மனிதன்.

அவள் கணவன் டி.வி.யோடு இணைத்த கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். கற்கள் எல்லாம் எடுத்தாயிற்று. மீதி இருப்பது சிவப்புக் கல் ஒன்றுதான். அது எந்த அறையில் ஒளிந்திருக்கிறது என்று தேடியே ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின. இந்த உயிரும் போனால் மறுபடி முதல் அறை.

அவள் பக்கத்தில் அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்குகிறாள். நறுக்குவதாகப் பேர்.

அவளுக்கு அந்த அறை தெரியும்.

வியாழக்கிழமை காலை. அவன் ஆபீசுக்குப் போனபின் அவள் இதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். தினமும்தான் ஆடுகிறாள். அது அவனுக்குத் தெரியாது.

தொப்பிக்காரன் நகரும் பலகைமேல் ஏறினான். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. போட்டது போட்டபடி ஓடினாள்.

திரும்பி வந்தபோது பலகை அவனைச் சுவரோரம்வரை சுமந்துபோய்த் தீக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

தொலைந்தான் என்று நினைத்தாள்.

தொலையவில்லை. தீக்கு அடியில் ஓர் அறை இருந்தது. நீல நிற அறை. நடுவில் சிவப்புக் கல்.

கரித்துணியும் கையுமாகக் குதித்தாள். என்ன சத்தம் என்று கீழ் வீட்டு மாமி படியேறி வந்தார். கரப்பான்பூச்சி என்று சமாளித்தாள்.

கல்லை எடுக்கவில்லை. அப்படியே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள். கணவன் முகத்தைப் பார்க்காமல் ஜெயித்து என்ன பயன்?

மூன்று நாளாக அது அவள் நாக்கு நுனியில் குறுகுறுக்கிறது.

இப்போது தொப்பிக்காரன் பலகைமேல் குதிக்கிறான். பலகை நகர்கிறது. அவன் வழக்கம்போல் எம்பித் தாண்டி எதிர் ஏணியைப் பிடிக்கப் போகிறான். கணவனின் விரல் பட்டன்மேல் விறைத்து நிற்கிறது.

"கைய எடுங்க."

"எடுத்தா தீயில விழுந்துருவான்."

"விழட்டும்."

திரும்பிப் பார்க்கிறான்.

ஒரு வெண்டைக்காய்கூட நறுக்கப்படவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் விரல் அரிவாள்மனைக் கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

தட்டு, தட்டு, நிறுத்து, தட்டு.

அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். மூன்றாவது அறை வௌவால்களைத் தாண்டும் தாளம். வேடிக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அது வராது.

அவள் விரலையே பார்க்கிறான். பிறகு அவளை.

பலகை சுவரை நெருங்குகிறது.

அவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டான்.

தொப்பிக்காரன் விளிம்பைத் தாண்டுவதற்குள் அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.