அக்கரை மாப்பிள்ளை

"மெர்லோவெல்லாம் ஒரு திராட்சையா? ஜாம் காய்ச்சி ரொட்டியில தடவலாம். ஒயின் பண்ணலாமா?"

எவரிஸ்த் இப்படிக் கேட்டது, பெண் கேட்டு முதல்முறையாகத் தன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த திபோவிடம். திபோவின் குடும்பம் ஆற்றுக்கு அக்கரையில், பிளாய் பக்கத்தில், நாலு தலைமுறையாக மெர்லோ பயிரிடுகிற குடும்பம்.

மரிலிஸ் மேஜைக்கு அடியில் திபோவின் காலை மிதித்தாள். அப்பாவுக்கு ஏதாவது பதில் சொல்லேன் என்று அர்த்தம்.

"ரொட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க ஐயா" என்றான் திபோ.

விருந்துக்கு வந்திருந்த ஊர் மேயர் பெர்னேத், அந்த ஊர் வழக்கப்படி சூப் தீர்ந்த தட்டில் ஒயினை ஊற்றிச் சுழற்றி அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

"விடப்பா எவரிஸ்த். உன் கபர்னே திராட்சையும் மெர்லோவும் கலந்தாத்தானே போர்தோ ஒயின்? நீயும் கலக்கிறவன்தானே?"

"மெர்லோவைக் கலக்கிறேன். சூப்புல உப்புப் போடற அளவுக்கு. அக்கரைக்காரங்க உப்பையே சூப்புன்னு குடிக்கிறாங்க!"

மேயர் குலுங்கிச் சிரித்தார். திபோவும் கூடச் சிரித்தான். மரிலிஸுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"எவரிஸ்த், அந்த ஆலங்கட்டி மழை வருஷத்துப் பாட்டிலை எடு. தங்கப் பதக்கம் வாங்கினியே, அது. கபர்னேன்னா என்னன்னு மாப்பிள்ளையும் தெரிஞ்சுக்கட்டும்" என்றார் மேயர்.

"அது எதுக்கு இப்போ? அதைவிட நல்லதா எடுத்து வச்சிருக்கேன்."

"கஞ்சத்தனம் பண்ணாதே. ஊர்ல எல்லாத் தோட்டமும் மொட்டையா நின்னப்போ உன் சரிவுத் தோட்டம் மட்டும் தப்பிச்சது. ஆண்டவன் காட்டின அதிசயம்னு பாதிரியாரே பிரசங்கத்துல சொன்னாரே!"

மேயரே எழுந்துபோய் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து திறந்தார். எவரிஸ்த் தட்டில் இருந்த இறைச்சித் துண்டைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றையும் வாயில் போடவில்லை.

திபோ முகர்ந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய். அவன் காது மடல்கள் சிவந்தன. ஒரு தடவை நிமிர்ந்து எவரிஸ்த்தைப் பார்த்தான்.

"சொல்லு தம்பி, இதுல என்னென்ன இருக்கு?" என்றார் மேயர்.

"எனக்கு அந்த அளவுக்கு நாக்கு பத்தாதுங்க. கபர்னே மாதிரிதான் தெரியுது."

"மாதிரியா? திராட்சைத் தோட்டத்துல பிறந்தவன் பேசற பேச்சா இது!" மேயர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"நான் சொல்லலை? நாக்கே ஜாமாப் போச்சு!" என்றார் எவரிஸ்த். அவருடைய சிரிப்புதான் எல்லோரையும்விடச் சத்தமாக இருந்தது.

நாலரை மணிப் படகுக்கு திபோவைக் கொண்டுவிடப் போன மரிலிஸ், படகுத்துறையில் வெடித்தாள்.

"எங்கப்பா உன்னை மிதிக்கிறார், நீ மிதியடி மாதிரி விரிஞ்சு படுத்துக்கறே. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"பெரியவர். அவர் வீடு, அவர் மேஜை. விடேன்."

"உன்னைச் சொன்னா நீ சிரிச்சுக்கோ. உங்கப்பாவோட தோட்டத்தைச் சொன்னப்போகூடச் சிரிச்சியே!"

அவன் படகுச் சீட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

"ஒயின் மட்டும் ரொம்ப நல்லா இருந்ததுன்னு அவர்கிட்ட சொல்லிடு" என்றான் கடைசியில். "கல்யாணத்துக்கு என்ன சொல்றார்னு போன் பண்ணு."

"போன் வராது" என்றாள் மரிலிஸ்.

அவன் படகில் ஏறினான்.

வீட்டு வாசலில் எவரிஸ்த் நின்றுகொண்டிருந்தார்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"வழியில ஏதாவது சொன்னானா?"

"என்னத்தை?"

"சும்மா கேட்டேன். நம்ம ஒயினைப் பத்தி ஏதாவது..."

"ரொம்ப நல்லா இருந்ததுன்னு சொல்லச் சொன்னான்."

எவரிஸ்த் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். "நல்ல பையன். தங்கமான பையன். அறுவடைக்கு முன்னாடியே கல்யாணத்தை முடிச்சுடலாம்."

"மத்தியானம் அவனை அந்தப் பேச்சுப் பேசினீங்க!"

"சாப்பாட்டு மேஜையில ஆயிரம் பேசுவாங்க. அதையெல்லாம் பிடிச்சுக்கிட்டு..." என்றபடியே ஒயின் கிடங்குக்குள் நுழைந்துகொண்டார்.

மரிலிஸ் சமையலறைக்குப் போனாள். அம்மா ஒடெட் கிளாஸ்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்மா."

"உங்கப்பாதான் சரின்னுட்டாரே!"

"நான் சரின்னு சொல்லலை. அவனுக்கு முதுகெலும்பே இல்லை. சொந்தத் திராட்சையைக் கேவலப்படுத்தினா ரோஷம் வராது. குடிக்கிறது கபர்னேயான்னு கேட்டா மாதிரி தெரியுதுங்கறான். இவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஒடெட் துணியைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாகக் கிடங்குப் பக்கம் பார்த்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"நீ அப்போ துலூஸ்ல படிச்சுக்கிட்டிருந்தே. உனக்குத் தெரியாது. அந்த ஆலங்கட்டி மழையில நமக்கு ஒரு கொத்துகூட மிஞ்சலை."

"சரிவுத் தோட்டம் தப்பிச்சதுன்னு மேயர்கூடச் சொன்னாரே!"

"தப்பிக்கலை. அக்கரையிலேர்ந்து ஒரு டேங்கர் லாரி வந்தது. முழுக்க மெர்லோ ஒயின். அதைத்தான் உங்கப்பா கபர்னேன்னு லேபிள் ஒட்டினார்."

மரிலிஸ் கிளாஸ்களுக்குப் பக்கத்தில் இருந்த காலிப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள்.

"தன் குடும்பத்துச் சரக்கை நாக்குல வச்ச உடனே அவனுக்குத் தெரியாமலா போகும்?" என்றாள் ஒடெட். "அந்த லாரியை ஓட்டிக்கிட்டு வந்ததே திபோதான்."