வழி மறக்கும்வரை

புறாக்களின் சிறகுகளைச் சிவப்பு நூலால் கட்டி முடித்தார் மீரான் ராவுத்தர்.

“புது இடம் பழகுற வரைக்கும் யாரும் நூலை அவுக்கக் கூடாது. அவுத்தா நேரா பாலக்கரைக்குத்தான் பறக்கும். அதையே சாக்கா வச்சு அந்தப் பய உறையூருக்கு வந்து நிப்பான்.”

அந்தப் பய, அவருடைய மருமகன் பரக்கத் அலி. அவனோடு சண்டை போட்டுக்கொண்டு, பாலக்கரையில் அவன் வீட்டில் வளர்த்த புறாக்களோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள் மகள் ரஷீதா.

“அவங்க வந்தா என்ன அத்தா?”

“வரட்டும், காலை ஒடிக்கிறேன்.”

மறுவாரம் பகல் சாப்பாட்டுக்குப் பின் பார்த்தால், கூட்டில் ஒரு புறா இல்லை.

“நீதானே அவுத்து விட்டே?” ராவுத்தர் கத்தினார்.

“அல்லா மேல ஆணையா நான் இல்லை அத்தா!”

முஷ்டியை மடக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்தபோது ஜட்கா வண்டி வந்து நின்றது. புறாவை மார்போடு அணைத்தபடி பரக்கத் அலி இறங்கினான். ராவுத்தர் எழுந்தார். ரஷீதா வாசலுக்கு ஓடிவந்தாள்.

புறாவை அவளிடம் கொடுத்துவிட்டு, “அஸ்ஸலாமு அலைக்கும் மாமா” என்று அவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

சலாம் சொல்லி நீட்டிய கையை எப்படித் தட்டுவது? ராவுத்தர் மடக்கிய கையை விரித்தார்.

அதிலிருந்து சிவப்பு நூல் கீழே விழுந்தது.